சவுத் ஹரோ எரிவாயு ஆலை சைடிங்: மொடலில் எந்த வருடத்தைக் கட்டுவது?

நாலாம் தண்டவாளம் (சவுத் ஹரோ, லண்டன்)

வணக்கம் எல்லோருக்கும். நீண்ட பதிவு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் உதவி உண்மையிலேயே வேண்டும்.

நான் பதினெட்டு வருடமாகச் சவுத் ஹரோவில் இருக்கிறேன். நோர்தோல்ட் ரோட்டில் நம்முடைய கடைகளுக்குப் போய்வருகிற எவருக்கும் அந்தப் பிக்கடில்லி பாதையின் பாலம் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு இரவு, நித்திரை வராமல், ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் பழைய ஓர்ட்னன்ஸ் சேர்வே (பிரித்தானிய அரசின் நில அளவைத் துறை) வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இலவசம்தான், இங்கிலாந்துத் தாள்களும் அங்கே இருக்கின்றன. பழைய தாளை இன்றைய செய்மதிப் படத்தின் மேல் வைத்து, ஒரு பட்டையை இழுத்தால் ஒன்று மங்கி மற்றது தெரியும். அப்படி இழுக்கும்போது எங்கள் பகுதியில் பெரிய வட்டங்கள் கண்ணில் பட்டன. பழைய வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வட்டங்கள் இருந்தால் அது பெரும்பாலும் எரிவாயுத் தொட்டிதான். ரொக்சத் எரிவாயு ஆலை. 1855-இல் தொடங்கியது. அதற்கு ரயில் பாதையிலிருந்து ஒரு சைடிங், அதாவது சரக்கு வேகன்களுக்கான பக்கத் தடம், போனது. 1903-இல் டிஸ்ட்ரிக்ட் ரயில்வே சவுத் ஹரோவரை வந்தது, 1910-இல் அந்த வண்டிகள் ரெய்னர்ஸ் லேன் வழியாக மெட்ரோபொலிட்டன் ரயில்வேயின் பாதையிலும் ஓடத் தொடங்கின, அதே 1910-இல்தான் இந்த சைடிங்கும். அதற்கு முன்பு ஐம்பது வருடத்துக்கு மேல் அவ்வளவு நிலக்கரியையும் குதிரை வண்டியில்தான் இழுத்திருக்க வேண்டும். 1954-இல் சைடிங் மூடப்பட்டது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 180 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலத்தில் ஒரு தட்டு, ஓஓ அளவு, நிலக்கரி வேகன்களைத் தள்ளி அடுக்குகிற சின்ன ஷண்டிங் மொடல். பின்னால் சுவரோடு ஒட்டி எரிவாயுத் தொட்டி, பாதி வட்டமாக. அந்தத் தொட்டியில்தான் என் சிக்கல். 1960 அக்டோபரில் ஹீத்ரோவுக்குப் போக வேண்டிய பான் ஆம் போயிங் 707 ஒன்று தவறுதலாக நோர்தோல்ட் விமானத் தளத்தில் இறங்கிவிட்டது. இரண்டு தளங்களுக்கும் போகும் வழியில் இதே மாதிரியான எரிவாயுத் தொட்டிகள் நின்றதும் ஒரு காரணம். அதற்குப் பிறகு ஹீத்ரோ வழியில் இருந்த சவுத்தோல் தொட்டியில் எல் எச் (LH, லண்டன் ஹீத்ரோ) என்றும், எங்கள் தொட்டியில் என் ஓ (NO, நோர்தோல்ட்) என்றும், அம்புக்குறியோடு பெரிதாக எழுதினார்கள்.

என் மாமா 1984-இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவர். அப்போது ஆங்கிலம் அவ்வளவு பிடிபடாது, வேலை முடிந்து ரயிலில் களைத்துப்போய் வருவாராம். ஜன்னலில் அந்த இரண்டு எழுத்தும் தெரிந்தால் பையை எடுத்துக்கொண்டு கதவடிக்கு வந்துவிடுவாராம். 80-களிலேயே தொட்டியை இடித்துவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் சவுத் ஹரோ என்றால் அந்த எழுத்துத்தான்.

ஆனால் எழுத்து வந்தது 1960-க்குப் பிறகு. நிலக்கரி வேகன் நின்றது 1954-ஓடு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் பொய். என்ன செய்யலாம்?

பீச் யார்டு (சென்னை)

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. நான் முப்பத்தைந்து வருடம் சரக்கு யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் பதில் ஒரே வரிதான்: வேகன் ஓடுகிற வருடத்தைக் கட்டுங்கள். சைடிங் என்றால் இரும்பு இல்லை, அதில் நடக்கும் வேலை. காலியாகக் கிடக்கிற சைடிங்கைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும், அதை ஏன் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்?

அப்புறம், தடம் போடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் பாருங்கள். முதல் விஷயம், இரட்டைப் பாதையில் வண்டிகள் எந்தப் பக்கம் போகின்றன. உங்கள் ஊரிலும் நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான். பாயின்ட் என்றால் தடம் இரண்டாகப் பிரியும் இடம். பயணிகள் ஓடும் பாதையில் எதிர்முகப் பாயின்ட், அதாவது வருகிற வண்டிக்கு முன்னால் தடம் பிரிகிற மாதிரி, வைப்பதை அந்தக் காலத்தில் எல்லோரும் தவிர்த்தார்கள், ஏனென்றால் பாயின்ட் சரியாக விழாமல் இருந்தால் ஓடுகிற வண்டி நேராக சைடிங்குக்குள் பாயும். அதனால் வண்டி பாயின்ட்டைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற மாதிரிதான் பெரும்பாலும் அமைப்பார்கள். இரண்டாவது, சைடிங் பிரதான பாதையைத் தொடும் இடத்தில் ஒரு ட்ராப் பாயின்ட் இருந்தே ஆக வேண்டும். உள்ளே நிற்கிற வேகன் பிரேக் விட்டு உருண்டு வந்தால் அது பிரதான பாதைக்குப் போகாமல் மண்ணில் இறங்கி நிற்கும். வரைபடத்தில் அது தெரியாது. தெரியவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, என்ஜின் எந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும் என்று யோசியுங்கள். இது யோசிக்காமல் போட்ட மாடல்களில் என்ஜின் டெட் எண்டில் சிக்கி வெளியே வர வழியில்லாமல் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதுப்பெட்டி (கோயம்புத்தூர்)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். ஓஓ என்றால் என்ன, ஹெச்ஓ என்றால் என்ன, இரண்டுக்கும் ஒரே தண்டவாளம் என்று கடையில் சொல்கிறார்கள், ஆனால் பெட்டிகள் பக்கத்தில் வைத்தால் ஒன்று பெரிதாக இருக்கிறது. யாராவது விளக்க முடியுமா?

நாலாம் தண்டவாளம்

கடைக்காரர் சொன்னது சரிதான். ஹெச்ஓ 87-இல் ஒரு பங்கு. ஓஓ 76.2-இல் ஒரு பங்கு, அதாவது நிஜத்தின் ஓர் அடிக்கு மொடலில் 4 மி.மீ. தண்டவாள இடைவெளி இரண்டுக்கும் 16.5 மி.மீ. பிரித்தானிய என்ஜின்கள் உருவத்தில் சின்னவை, அந்தக் காலத்து மோட்டார் ஹெச்ஓ உடம்புக்குள் அடங்கவில்லை, அதனால் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் பெரிதாக்கினார்கள். நிஜத்தில் 1435 மி.மீ. இடைவெளி, 76.2-ஆல் வகுத்தால் 18.83 வர வேண்டும். ஆகவே ஓஓ கொஞ்சம் ஒடுங்கிய பாதை. இது பொறுக்காதவர்கள் 18.83-க்கே தண்டவாளத்தைக் கையால் கட்டுகிறார்கள், அதற்குப் பி4 என்று பெயர். நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

நீங்கள் இந்திய அகலப்பாதையைக் கட்டப்போகிறீர்கள் என்றால் அது 1676 மி.மீ. 87-இல் வகுத்தால் 19.26. கடைத் தண்டவாளம் அதற்கு இன்னும் ஒடுக்கம். மீட்டர்கேஜ் என்றால் உங்கள் பாடு சுகம்: 1000 மி.மீ., 87-இல் 11.5, கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு மீட்டர்கேஜை விடாதீர்கள் என்பது என் ஆசை.

ஸ்டான்மோர் பாதை (ஹரோ வீல்ட்)

நானும் பக்கத்து ஊர்தான், சகோதரா. வரைபடம் பற்றி மட்டும் பேசுகிறேன், அதுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் நீங்கள் எந்தத் தாளைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். மைலுக்கு ஓர் அங்குலத் தாளில் சைடிங்கைத் தேடுவதில் பயனில்லை, அதில் பாதை இருக்கிறது, நிலையம் இருக்கிறது, அவ்வளவுதான். ஆறு அங்குலத் தாளில் சைடிங் இருக்கும், ஆனால் நெருக்கமான யார்டுகளைச் சுருக்கி வரைந்திருப்பார்கள், அதை எண்ணித் தடம் போட்டால் கணக்குத் தவறும். உங்களுக்கு வேண்டியது 25 அங்குலத் தாள், 2500-இல் ஒரு பங்கு. அதில் ஒவ்வொரு தடமும் தனித்தனியாக இருக்கும், பாயின்ட் எங்கே பிரிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். எஸ்.பி. (S.P.) என்று போட்டிருந்தால் சிக்னல் கம்பம், எஸ்.பி. (S.B.) என்றால் சிக்னல் அறை, கடைசி எழுத்தைக் கவனமாகப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். டபிள்யூ.எம். என்றால் எடைமேடை. எரிவாயு ஆலையில் எடைமேடை முக்கியம், நிலக்கரியை எடை போடாமல் யாரும் உள்ளே எடுக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தத் தாளுக்கும் எல்லை உண்டு. இரண்டு தடம் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் அது வெறும் குறுக்குவெட்டா, இல்லை அதிலேயே தடம் மாற முடியுமா என்று தாள் சொல்லாது. கோடு கோடாகத்தான் இருக்கும்.

அடுத்தது திகதி. தாளின் கீழே அச்சிட்ட வருடம் ஒன்று இருக்கும், அளந்த வருடம் அல்லது திருத்திய வருடம் வேறு ஒன்று இருக்கும். மிடில்செக்ஸ் (ஹரோ அப்போது இருந்த மாவட்டம்) தாள்கள் 1860-களில் முதலில் அளக்கப்பட்டு, 1890-களிலும் 1910-களிலும் 1930-களிலும் திருத்தப்பட்டவை. நான் ஒரு முறை அச்சிட்ட வருடத்தை நம்பி, பத்து வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்ட ஒரு தடத்தைக் கட்டிவிட்டேன். அதைப் பிய்க்க இரண்டு வார இறுதி போனது.

இன்னொன்று. தாளில் வெறும் வயலாக இருந்தால் அங்கே ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். போர்க் காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகள், படைத் தளங்கள் போன்றவற்றை வரைபடத்திலிருந்து வேண்டுமென்றே நீக்கினார்கள். ஒரு சைடிங் போய்ப் போய் வெறும் புல்வெளியில் முடிகிறதென்றால், அந்தப் புல்வெளிதான் பார்க்க வேண்டிய இடம்.

கோச்சி (யாழ்ப்பாணம்)

அண்ணை, உங்கட மாமாவின் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பீச் யார்டு ஐயா சொன்னதை நான் மறுக்கிறேன், மரியாதையோடுதான். 1990-இல் எங்கள் பாதையில் ரயில் நின்றது. அப்புறம் தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டையையும் பங்கர் கட்ட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பிறந்தது அதற்குப் பிறகு. எனக்குக் கோச்சிப் பாதை, அதாவது ரயில் பாதை, என்றால் நீளமாகக் கிடக்கிற ஒரு மேடு, அதன் மேல் நாங்கள் சைக்கிள் ஓடுவோம். காங்கேசன்துறைப் பக்கம் எங்கள் தாத்தா சரக்குக் கொட்டிலில் வேலை செய்தவர், சீமெந்து ஏற்றினது, மீன்பெட்டி ஏற்றினது எல்லாம் சொல்லுவார். நான் அவர் சொல்லச் சொல்ல அந்த மேட்டில் தடங்களை மனதுக்குள் போட்டுப் பார்ப்பேன். 2014-இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது. எல்லோரும் கொண்டாடினார்கள், நானும்தான். ஆனால் புதுப் பாதை பழைய சைடிங்குகளைத் திருப்பித் தரவில்லை.

அதனால் சொல்கிறேன். தண்டவாளம் எடுத்த நிலத்துக்கும் ஒரு முகம் உண்டு. கட்டை கிடந்த இடம் வரி வரியாகத் தெரியும், சாம்பல் நிற மண், அதில் வேறு புல். உங்கள் தட்டில் 1960-க்குப் பிந்தைய வருடத்தைப் போடுங்கள், சைடிங்கை எடுத்த தடயத்தோடு கட்டுங்கள், தொட்டியில் எழுத்தைப் போடுங்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பீச் யார்டு

மகளே அல்லது மகனே, யாராக இருந்தாலும், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் ஒரு நாள் பதில் எழுதவில்லை. காலி சைடிங் பற்றி நான் சொன்னது என் வேலையிலிருந்து வந்த பேச்சு. யார்டு மூடினால் எங்களில் பாதிப் பேருக்கு இடமாற்றம் வரும், அதுதான் எனக்குக் காலித் தடம். உங்களுக்கு அது விளையாடிய இடம். இரண்டும் நிஜம்தான்.

ஆனாலும் தம்பிக்கு நான் சொல்வது மாறவில்லை. அவர் கேட்டது ஷண்டிங் மாடல். எரிவாயு ஆலையின் வேலையைப் பாருங்கள், எவ்வளவு அழகான போக்குவரத்து: நிலக்கரி உள்ளே வருகிறது, அதை ரிட்டார்ட் என்ற மூடிய கலத்தில் காற்றுப் படாமல் சுட்டு வாயுவைப் பிரித்த பின்னால் மிஞ்சுவது கோக், அது வெளியே போகிறது. தார் தனியாக டாங்க் வேகனில் போகிறது. அமோனியா நீர் போகிறது. வாயுவைச் சுத்தம் செய்ய இரும்பு ஆக்சைடு உள்ளே வருகிறது, கெட்டுப்போனதும் அதுவும் வெளியே போகிறது. மற்ற சைடிங்குகளில் நிரம்பிய வேகன் வந்து காலியாகத் திரும்பும், அல்லது காலியாக வந்து நிரம்பித் திரும்பும். இங்கே இரண்டு பக்கமும் சரக்கு. நான் வேலை பார்த்த யார்டில் இப்படி ஒரு வாடிக்கையாளர் இருந்திருந்தால் ஒவ்வொரு ஷிப்டும் சுவாரசியமாக இருந்திருக்கும்.

நாலாம் தண்டவாளம்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாக.

ஸ்டான்மோர் பாதை, நீங்கள் சொன்ன பிறகு போய்ப் பார்த்தேன், நான் முதலில் பார்த்தது ஆறு அங்குலத் தாள்தான். 25 அங்குலத்தை எடுத்து, எங்கள் நூலகத்தில் 32.8 மடங்கு பெருக்கித் துண்டு துண்டாக அச்செடுத்தேன். 2500-ஐ 76.2-ஆல் வகுத்தால் அந்த எண். தாளில் ஒரு செ.மீ. என் தரையில் 32.8 செ.மீ. வரவேற்பறையில் கதிரைகளைத் தள்ளிவிட்டு நாடாவால் ஒட்டி விரித்தோம். மகன் அதன் மேல் படுத்துக்கொண்டு தடத்தைப் பின்தொடர்ந்து குசினி வரைக்கும் போய்விட்டான், அங்கேயும் முடியவில்லை. நிஜத்தில் 100 மீட்டர் என்பது 1.31 மீட்டர். என் தட்டு 137 மீட்டர் நிலத்துக்குத்தான் போதும். வளைவு அதைவிட மோசம். கடையில் வாங்கும் இரண்டாம் ஆர வளைவு 438 மி.மீ., அது நிஜத்தில் 33 மீட்டர் ஆரம். எந்தச் சரக்கு வண்டியும் அப்படித் திரும்பாது.

ஆகவே தடத்தைச் சுருக்கியே ஆக வேண்டும். நான் எடுத்தது இங்கிள்நூக் அமைப்பு, அலன் ரைட் என்ற பிரித்தானிய மொடல்காரர் உண்டாக்கியது. தெரியாதவர்களுக்கு: மூன்று தடம், இரண்டு பாயின்ட். ஒன்றில் ஐந்து வேகன் பிடிக்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தைத் தேர்ந்து, வந்த வரிசையிலேயே அந்த ஐந்தையும் கோத்து நிறுத்த வேண்டும். 6720 விதமான வரிசைகள். ஓஓ-வில் ஒரு பழைய மர நிலக்கரி வேகன் பஃபரோடு 8 செ.மீ-க்குக் கொஞ்சம் குறைவு, ஐந்து வேகன் 40 செ.மீ-க்குள் அடங்கும், அதனால்தான் என் தட்டுக்கு அது சரி.

இதோ அடுத்த சிக்கல். இங்கிள்நூக் தடத்தைப் போட்டுவிட்டு அதற்கு "ரொக்சத்" என்று பெயர்ப் பலகை வைக்கலாமா?

ஸ்டான்மோர் பாதை

வைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், என் பெயருக்குக் காரணமான பாதையை நான் கட்டியிருக்கிறேன். தெரியாதவர்களுக்காக: ஹரோ அண்ட் வீல்ட்ஸ்டனிலிருந்து ஸ்டான்மோருக்கு ஒரு கிளைப் பாதை 1890 டிசம்பரில் திறந்தது. பிரெட்ரிக் கோர்டன் என்ற ஹோட்டல் முதலாளி பென்ட்லி பிரயரி மாளிகையை வாங்கி ஹோட்டலாக்கினார், அங்கே விருந்தினர் வர ரயில் வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அழுக்கான ரயில் நிலையம் வேண்டாம். அதனால் நிலையத்தைக் கோபுர முனையோடு ஒரு தேவாலயம் மாதிரிக் கட்டினார்கள். 1932-இல் மெட்ரோபொலிட்டன் ஸ்டான்மோரில் தன் நிலையத்தைத் திறந்த பிறகு பழையது நொடித்தது. 1950-இல் பெயர் ஸ்டான்மோர் வில்லேஜ் ஆனது, 1952-இல் பயணிகள் வண்டி நின்றது, இடையில் இருந்த பெல்மொன்ட் வரைக்கும் மட்டும் 1964 வரை ஓடியது. இப்போது அந்தப் பாதையில் பெரும்பகுதி நடைபாதை. நான் தினமும் நாயோடு நடப்பது அதில்தான். பெல்மொன்ட் நிலையம் இருந்த இடம் கார் தரிப்பிடம்.

நான் அந்தக் கோபுர நிலையத்தைக் கட்டினேன், ஆனால் சரக்கு யார்டை இடத்துக்காகக் குறைத்தேன், ஒரு தடத்தை எதிர்ப்பக்கம் மாற்றினேன். பெயர்ப் பலகையில் ஸ்டான்மோர் என்று போட்டேன். ஒரு மண்டபத்தில் காட்சிக்கு வைத்தபோது வயதான ஒரு அம்மா வந்து நெடுநேரம் பார்த்தார். சின்ன வயதில் தகப்பனோடு நிலக்கரி வாங்க அந்த யார்டுக்குப் போவாராம். "வண்டி நின்றது இந்தப் பக்கம் இல்லையே" என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார், ஆனால் போகும்போது தனக்குத்தான் ஞாபகம் பிசகிவிட்டது என்று மகளிடம் சொல்லிக்கொண்டு போனார். அது என் காதில் விழுந்தது. அன்றைக்கே பலகையைக் கழற்றிவிட்டேன். அவர் ஞாபகம் சரி, என் மொடல்தான் பிழை. அப்படி ஒருவருடைய ஞாபகத்தை நான் குழப்பியிருக்கக் கூடாது.

புதுப்பெட்டி

படித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு சின்னக் கேள்வி. அப்படியென்றால் தடத்தை மாற்றவே கூடாதா? எல்லோருக்கும் 40 மீட்டர் வீடு இருக்காதே.

பீச் யார்டு

மாற்றலாம், புதுப்பெட்டி. ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும். நீளத்தைக் குறைக்கலாம், ஐந்து தடத்தை மூன்றாக்கலாம். சரக்கு எந்தப் பக்கம் இறங்குகிறது, என்ஜின் எந்தப் பக்கம் நிற்கிறது, சைடிங் பிரதான பாதையை எந்தத் திசையில் தொடுகிறது, இதைத் திருப்பிப்போட்டால் அது வேறு யார்டு. பெயர் விஷயத்தில் அந்தத் தம்பி சொன்னதே என் கருத்தும்.

நாலாம் தண்டவாளம் தம்பிக்கு ஒரு வேலை யோசனை: பாயின்ட் வாங்கும்போது ஃபிராக் (இரண்டு தண்டவாளம் ஒன்றையொன்று கடக்கும் முனை) உயிருள்ளதாக, அதாவது மின்சாரம் பாய்வதாக வாங்குங்கள். சின்ன டாங்க் என்ஜினுக்குச் சக்கரங்கள் கிட்டக் கிட்ட இருக்கும். ஃபிராக் பிளாஸ்டிக்காக இருந்தால், மெதுவாகத் தள்ளும்போது அதன் மேல் வந்ததும் நின்றுவிடும். கை விட்டுத் தள்ள வேண்டியிருக்கும், ஷண்டிங்கின் ருசியே போய்விடும். என் பேரனுக்குக் கட்டிக்கொடுத்ததில் நான் பட்டது.

மீட்டர்கேஜ் பிள்ளை (மயிலாடுதுறை)

ஒரு ஏக்கத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். உங்களுக்கு 25 அங்குலத் தாள் வீட்டுக்குள் இருந்தபடியே கிடைக்கிறது. நான் மூன்று வருடமாக மயிலாடுதுறை – தரங்கம்பாடிப் பாதையைத் தேடுகிறேன். 1926-இல் திறந்த மீட்டர்கேஜ் கிளை, 1986-இல் மூடினார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிற அமெரிக்க ராணுவத் தாள்கள், இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு, அதில் பாதை ஒரு மெல்லிய கோடு. நிலையத்தின் உள்ளமைப்பு அதில் எப்படித் தெரியும்?

அதனால் நான் செய்வது காலால் அளப்பதுதான். வயல் வரப்பெல்லாம் ஒரு பக்கமாக ஓடும், பாதை இருந்த மேடு மட்டும் அதைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். நிலத்தின் எல்லைகள் கத்தரித்த மாதிரிக் கூராக முடியும் இடத்தில் தடம் பிரிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்கிறேன். அப்புறம் கிராமத்துப் பெரியவர்களிடம் நெல் மூட்டை எங்கே ஏற்றினீர்கள் என்று கேட்கிறேன். "தடம் எங்கே இருந்தது" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "மூட்டையை எங்கே இறக்கிவைப்பீர்கள்" என்று கேட்டால் நடந்துபோய்க் காலால் காட்டுகிறார்கள்.

ஸ்டான்மோர் பாதை

மேலே மயிலாடுதுறைக்காரர் சொன்ன கேள்வி கேட்கும் முறையை நான் எழுதிவைத்துக்கொண்டேன். கூரான எல்லை இங்கேயும் அப்படித்தான். ஒரு தெருவில் எல்லா வீட்டுத் தோட்டமும் செவ்வகமாக இருந்து, இரண்டு வீட்டுக்கு மட்டும் முக்கோணமாக இருந்தால் முதலில் பழைய தாளை எடுத்துப் பார்ப்பேன்.

கோச்சி

நானும் எழுதிவைத்தேன். தாத்தா இப்போது இல்லை, ஆனால் அவரோடு வேலை செய்த ஒருவர் தெல்லிப்பழையில் இருக்கிறார். அடுத்த கிழமை போகிறேன். சீமெந்து மூட்டை எங்கே இறக்கினீர்கள் என்றுதான் கேட்கப்போகிறேன்.

நாலாம் தண்டவாளம்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வேலை நடந்துகொண்டிருந்தது.

முடிவு இதுதான். பெரிய தட்டு 1953. இரண்டு பாயின்ட், மூன்று தடம், ட்ராப் பாயின்ட் இருக்கிறது, ஐயா சொன்னபடி, அது இயங்காது, ஆனால் இருக்கிறது. தடத்தை இடம் வலமாகத் திருப்பவில்லை. 1953 என்று ஏன் எடுத்தேன் என்றால், ரயில் 1948-இலும் எரிவாயு 1949-இலும் அரசுடைமையான பிறகு பழைய தனியார் கம்பனிப் பெயர்கள் மங்கிப்போன மர வேகனும் புது இரும்பு 16 தொன் வேகனும் ஒரே வரிசையில் நிற்கலாம். மங்கல் நிறத்தைத் தட்டையான தூரிகையால் நாலு தடவை பூசி நாலு தடவை துடைத்து, கடைசியில் ஒன்று சரியாக வந்தது. பின்னணியில் பிரதான பாதை ஒரு துண்டு, நாலு தண்டவாளத்தோடு, வெளியே ஒன்று நேர்மின், நடுவே ஒன்று எதிர்மின். அதுக்காகத்தானே இந்தப் பெயரே வைத்தேன். தொட்டி இருக்கிறது, அதில் எழுத்து இல்லை. பெயர்ப் பலகையும் இல்லை. யாராவது கேட்டால் "ரொக்சத்தைப் பார்த்துக் கட்டியது" என்று சொல்வேன்.

இன்னொன்று தனியாக, 40 செ.மீ-க்கு 35, அதே உயரத்தில், தட்டின் வலது பக்கத்தில் கொளுவிக்கொள்ளலாம். அது 1962. தடம் எடுத்த நிலம். கோச்சி சொன்ன மாதிரி வரி வரியாகக் கட்டை கிடந்த அடையாளம். எரிந்த கரித்தூளைச் சலித்து ஒட்டினேன், அதில் இரண்டு வகைப் புல், தடம் இருந்த பட்டையில் வெளிறிய நிறம், வெளியே பச்சை. நிஜமான தடம் எந்த வருடம் கழற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கிடைக்கும்வரை இதற்கும் பலகை கிடையாது. தொட்டியில் எழுத்தும் அம்பும் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் மேசையில் இருக்காது. 1962-ஐக் கொளுவினால் 1953-இன் மேல் துணி போடுவேன்.

போன ஞாயிறு மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். முழங்கால் சரியில்லை, மெதுவாகத்தான் படியேறினார். முதலில் பெரிய தட்டைக் காட்டினேன், மகன் ஐந்து வேகன் கோத்துக் காட்டினான், மாமா நல்லது நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் துணியைப் போட்டுவிட்டுச் சின்னதைக் கொண்டுவந்து வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். தலையைச் சரித்து, ரயில் ஜன்னலில் பார்க்கிற உயரத்துக்குக் குனிந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "எழுத்து இதைவிடப் பெரிசு, மருமகன்" என்றார்.

நான் வானிலிருந்து எடுத்த ஒரு பழைய படத்தை வைத்து அளந்துதான் வெட்டினேன். படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். படம் சாய்வாக எடுக்கப்பட்டது, தொட்டி வளைவானது, நான் அதைத் தட்டையாக நினைத்து அளந்திருக்கிறேன். வளைவைக் கணக்கில் எடுத்தால் எழுத்தின் அகலம் கூடுகிறது. அவர் சொன்னதுதான் சரி.

இப்போது கேள்வி: வளைந்த பரப்பில் இவ்வளவு பெரிய எழுத்துக்கு மறைப்புத் தாள் வெட்டி நிறம் தெளிக்கும்போது ஓரம் கசியாமல் இருக்க என்ன நாடா பாவிக்கிறீர்கள்? நான் பாவித்த வீட்டுப் பெயின்ட் நாடா கசிந்துவிட்டது.

பீச் யார்டு

மறைத்த பிறகு, எழுத்தின் நிறத்தை அடிப்பதற்கு முன்னால், தொட்டியின் நிறத்தையே ஒரு முறை நாடா ஓரத்தில் மெல்லியதாக அடித்துக் காயவிடுங்கள். கசிவதெல்லாம் அதே நிறத்தில் கசிந்து ஓரத்தை அடைத்துவிடும். அதன் மேல் வெள்ளை அடித்தால் கோடு கத்தி மாதிரி நிற்கும். வேகனில் எண் எழுதும்போது எங்கள் பெயின்டர் செய்வது இதுதான். மாமாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.